மந்தைத் திடலில் முப்பது விநாடி: புகையிலையும் எங்கள் ஊர்க் கபடி வீரர்களும்

நான் மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு பி.டி. சார். விளையாட்டு வீரர்களைக் கொண்டு பிள்ளைகளைப் புகையிலைப் பக்கம் போகாமல் நிறுத்த முடியுமா என்று மூன்று வருடமாக முயன்று பார்த்ததன் பதிவு இது. முதல் முயற்சி வீணானது. இரண்டாவது ஓரளவு பலன் தந்தது. அதன் நடுவிலும் எங்களை உலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது. பலித்ததை மட்டும் எழுதினால் படிக்கிறவர் எங்கள் தவறுகளையே மறுபடி செய்ய நேரும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். சிறு பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால் ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் இதில் இருக்காது.

சுவரோரம் கிடந்தவை

ஒரு ஜூலை மாதம் மைதானத்துத் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. அதைப் பார்க்கச் சுற்றுச்சுவரின் பின்பக்கம் போனேன். தரையெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். தேயிலைப் பையைக் கட்டைவிரல் நகத்தளவு சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. முப்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனசு வரவில்லை.

பையன்கள் இதைக் ‘கூலிப்’ என்கிறார்கள். வாசனை சேர்த்த புகையிலைத் தூளை மெல்லிய பையில் அடைத்தது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் போதும். புகை இல்லை, நாற்றம் இல்லை, துப்பவும் வேண்டாம். கணக்குப் பாடம் நடக்கும்போதே வாயில் இருக்கும். கரும்பலகையில் எழுதுகிறவருக்குத் தெரியாது. குட்கா, பான்மசாலா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 மே மாதம் தடை வந்தது. ஆனாலும் கிடைக்கிறது. பள்ளி மாணவர்களிடம் ‘கூல் லிப்’ புழங்குவதை 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலையோடு கையில் எடுத்து, இதைப் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக அறிவித்து நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண்ணில் அந்தச் சுவரோரம்தான் நின்றது.

13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் 2019-ல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. அப்போது ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் 8.5 சதவீதம். என்னைத் தூங்கவிடாத எண் வேறு. சிகரெட்டைத் தொட்டவர்கள் அதைத் தொடங்கிய வயதின் நடுப்புள்ளி 11.5. பீடிக்கு 10.5. மெல்லுகிற, ஒதுக்குகிற வகைக்கு 9.9. அதாவது ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகள் சேர்கிறார்கள். நான் அவனை முதல்முறை பார்க்கும்போதே அவன் ருசி பார்த்து முடித்தவனாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் புகையிலை வீட்டுச் சரக்கு. அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் அது இருக்கும். கருப்பசாமிக்குப் படையல் என்றால் சுருட்டும் உண்டு. திண்டுக்கல் தாண்டி வேடசந்தூர்ப் பக்கம் போனால் வயலிலேயே விளைகிறது; அங்கே அதற்கென ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அதனால் புகையிலையை எங்கிருந்தோ வந்த பூதம் போல மேடையில் பேசினால் எங்கள் பையன் நம்ப மாட்டான். அவனை மடியில் போட்டு வளர்த்தவள் வாயிலேயே அதைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

பொன்னாடையும் உறுதிமொழியும்

மே 31 உலகப் புகையிலை ஒழிப்பு நாள். அன்று எங்கள் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அதனால் ஜூன் 26, போதைப்பொருள் ஒழிப்பு நாளோடு சேர்த்துத்தான் உறுதிமொழி எடுப்போம். அடுத்த ஜூன் 26-க்கு மாநில அளவில் ஓடிய ஒரு தடகள வீரரை அழைத்தேன். நல்ல மனிதர். வேலைக்கு லீவு போட்டு, பெட்ரோல் காசுகூட வாங்காமல் வந்தார். பொன்னாடை போர்த்தினோம். நாற்பது நிமிடம் பேசினார். புற்றுநோய், நுரையீரல், ஆயுள் எல்லாம் சொன்னார்.

சச்சின் கதையையும் சொன்னார். புகையிலை விளம்பரத்தில் நடிக்க மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவர் சச்சின். கூட ஆடியவர்கள் மட்டையில் சிகரெட் கம்பெனிகளின் ஸ்டிக்கர் இருந்த நாட்களில் அவர் மட்டையில் எதுவும் ஒட்டாமல் ஆடினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நான் அந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். பையன்கள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சச்சின் ஓய்வு பெற்றது 2013 நவம்பரில். என் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அப்போது மூணு, நாலு வயசு.

கை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே சுவரோரம் போய்ப் பார்த்தேன். புதுப் பொட்டலங்கள் கிடந்தன.

ஒரு வாரம் கழித்து, எனக்கு நெருக்கமான ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். அவன் அடிக்கடி கூலிப் வைப்பவன், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

“அவரு நல்லவரு சார். ஆனா இனிமே நம்ம ஊருக்கு வர மாட்டாருல்ல.”

இந்த முயற்சியில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயத்தை அந்தப் பையன்தான் சொன்னான். அது எனக்குப் புரியத்தான் இன்னும் ஆறு மாதம் ஆனது.

அவன் இன்னொன்றும் சொன்னான். “டிவில ஏலக்காய் விளம்பரத்துல வர்றாங்களே சார் பழைய பிளேயர்ஸ், அவங்களும் வீரருதானே?” என்ன பதில் சொல்வது? பான்மசாலா பெயரில் ஏலக்காய் விற்கிற விளம்பரங்கள் அவை. இந்த மறைமுக விளம்பரங்களில் விளையாட்டு வீரர்கள் தோன்றுவதைத் தடுக்கச் சொல்லி, 2024-ல் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் கிரிக்கெட் வாரியத்துக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்துக்கும் கடிதம் எழுதினார். கடிதம் எழுத வேண்டிய நிலை இருக்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பையன் எனக்கு முன்பே பார்த்திருக்கிறான். இன்னொரு பக்கம் சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கும் முன் திராவிட் புகையிலை வேண்டாம் என்று சொன்னதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். திரையில் வருகிறவர் எதை வேண்டுமானாலும் சொல்வார் என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

விளையாட்டை முதலில் பிடித்தவர்கள்

அப்படியென்றால் வீரர்களை வைத்துச் செய்வதே வீண் வேலையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளையாட்டின் பலம் தெரிந்துதான் சிகரெட் கம்பெனிகள் பல வருடம் அதில் பணத்தைக் கொட்டின. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பை நம் மண்ணில் நடந்தபோது அதன் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை; வில்ஸ் ஒரு சிகரெட்டின் பெயர். அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கோவா மாணவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. சிகரெட் கம்பெனி நடத்திய கிரிக்கெட்டைப் பார்த்த பிள்ளைகள் சிலருக்கு, புகைத்தால் ஆட்டம் நன்றாக வரும் என்ற எண்ணமே வந்திருந்தது. அந்த எண்ணம் இருந்தவர்கள் சிகரெட்டைத் தொட்டுப் பார்ப்பதும் அதிகமாக இருந்தது. 2001-ல் வில்ஸ் கம்பெனி கிரிக்கெட்டிலிருந்து விலகியது. 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 2004 மே முதல் புகையிலை விளம்பரமும் விளையாட்டுக்குப் பணம் கொடுத்துப் பெயர் போடுவதும் நின்றன. உலக சுகாதார நிறுவனம் 2002-ன் கருப்பொருளாகப் புகையிலையற்ற விளையாட்டை வைத்தது. அந்த ஆண்டுக் கால்பந்து உலகக் கோப்பையும் அப்படியே நடந்தது.

பிள்ளை மனசில் ஒரு பொய்யை ஏற்ற விளையாட்டால் முடிந்திருக்கிறது. அதே விளையாட்டால் உண்மையையும் ஏற்ற முடியும் என்று நினைத்தேன். எந்த விளையாட்டு, யார் என்பதில்தான் நான் தவறியிருந்தேன்.

எங்கள் பையன்களின் நாயகர்கள் யார்? தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலில் நிற்கும் மாடுபிடி வீரர்கள். அப்புறம் ஊர்க் கபடி டீமில் பாடுகிறவர்கள். மாடுபிடி வீரர்களைப் பற்றி முதலில் யோசித்தேன். களத்துக்குள் போகும் முன் மருத்துவச் சோதனை உண்டு, குடித்திருந்தால் இறங்க முடியாது என்பதெல்லாம் பையன்களுக்குத் தெரியும். ஆனால் அது வருடத்தில் சில நாள். கபடி வருடம் முழுக்க. மின்னொளிக் கபடிப் போட்டி என்று ஃபிளெக்ஸ் வைக்காத கோயில் திருவிழா எங்கள் பக்கம் கிடையாது. 2014-ல் புரோ கபடி தொடங்கி, 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்த பிறகு, ஊர்ப் பையனுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு பாதை இருப்பதாக எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள்.

கபடியில் இன்னொரு விசேஷம் உண்டு. எதிரணிப் பக்கத்துக்கு ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே போய் வர வேண்டும். அதுதான் ரெய்டு, போகிறவர் ரெய்டர். முப்பது விநாடி. மூச்சையே விதியாக வைத்திருக்கும் ஆட்டம் அது.

மந்தையில்

எங்கள் ஊர் மந்தைத் திடலில் சாயங்காலம் ஆடும் டீமிடம் போனேன். ஏழு பேர் ஆடுவார்கள், மாற்று ஆட்கள் நாலைந்து பேர். கொத்தனார் வேலை, லோடு வண்டி, ஒருவர் மின்வாரிய ஒப்பந்த வேலை. “பள்ளிக்கூடத்துக்கு வந்து பேச வேண்டாம். வாரம் ரெண்டு நாள் எங்க பசங்களை உங்ககூட ஆட விடுங்க. போதும்” என்றேன். டீமின் மூத்தவர், நாற்பதை நெருங்குகிற கார்னர் ஆட்டக்காரர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “செவ்வாய், வெள்ளி வரச் சொல்லுங்க சார்” என்றார்.

முதல் நாள் நான் போட்ட திட்டம் கவிழ்ந்தது. புகைக்கிறவனால் நீண்ட நேரம் பாட முடியாது என்று காட்டிவிடலாம் என நினைத்து, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாடச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் நெட்டையான பையன் ஒருவன், பீடி குடிப்பவன் என்று எல்லோருக்கும் தெரியும், அவன்தான் அதிக நேரம் பாடினான். பையன்கள் கைதட்டினார்கள். அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அவன் உடம்பு வாகு அப்படி, வயசு அப்படி. ஒருவன் மூச்சை இன்னொருவன் மூச்சோடு ஒப்பிட்டது என் தப்பு.

கார்னர் ஆட்டக்காரர்தான் அதைச் சரி செய்தார். “ஒரு பாட்டுல என்ன சார் தெரியும்? அஞ்சு ரெய்டு தொடர்ந்து போகச் சொல்லுங்க” என்றார். நடுவில் அரை நிமிடம்தான் ஓய்வு. இரண்டாவது ரெய்டு வரை எல்லோரும் ஒன்றுதான். நாலாவதில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. மூச்சு திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, நெஞ்சு எவ்வளவு நேரம் அடிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொருவனுக்கும் ஒரு நோட்டு. அவனவன் கணக்கு அவனவனோடு மட்டும். போன மாதத்து நீ, இந்த மாதத்து நீ.

புகை என்ன செய்கிறது என்பதையும் அங்கேயே, மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னேன். வகுப்பில் சொல்லியிருந்தால் பாடமாகியிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதில் ஒட்டிக்கொள்ளும். சீட்டில் உட்கார்ந்தால் லேசில் இறங்காது. அதில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆட்டத்துக்கு முன் ஒரு தம் போட்டவன், சில சீட்டு அடைபட்ட வண்டியோடு ரெய்டுக்குப் போகிறான். அவர்களுக்கு இது உடனே பிடித்தது. “சார், எறங்குடான்னா எறங்க மாட்டானா?” என்று ஒருவன் கேட்டான். அதற்கப்புறம் அவர்களே யாராவது இருமினால் “வண்டி ஃபுல்லா?” என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஐம்பது வயதில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பதினாலு வயதுப் பையனிடம் பேசுவதை நான் நிறுத்தியது அப்போதுதான். அவனுக்கு ஐம்பது என்பது தாத்தா வயசு. நாலாவது ரெய்டு நாளைக்கே வரும்.

“நான் புகை விடலையே சார்”

இது சரியாகப் போகிறது என்று நினைத்திருந்தபோது, அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒரு கேள்வி கேட்டான். “நான் கூலிப்தான் சார் வைக்கிறேன். புகையே உள்ள போகலையே. என் வண்டி காலியாத்தானே இருக்கு?”

அவன் சொன்னது சரி. உதட்டில் வைப்பதில் கார்பன் மோனாக்சைடு கிடையாது. அதுவும் மூச்சைக் கெடுக்கும் என்று ஒரு பொய்யை அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும், ஏனென்றால் அவன் நோட்டில் எண்கள் நன்றாகத்தான் இருந்தன. “நீ சொல்றது சரிதான். மூச்சுக்கு அது வேற மாதிரி. ஆனா அதுல இருக்கிற நிகோடின் நேரா இதயத்துக்குப் போகுது” என்றேன்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் நாடி பிடிக்கக் கற்றுக் கொடுத்தேன். மணிக்கட்டில் இரண்டு விரல், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கு. நிகோடின் உள்ளே போனால் நிமிடத்துக்குப் பத்து, இருபது துடிப்பு கூடலாம், ரத்த அழுத்தமும் ஏறும் என்று மட்டும் சொன்னேன். யாரையும் வைத்துக் காட்டச் சொல்லவில்லை. அது செய்யவே கூடாத காரியம். பத்து நாள் கழித்து அவனே வந்தான். “வீட்டுல சும்மா உக்காந்துதான் எண்ணுனேன் சார். வச்சதுக்கப்புறம் பதினாலு கூடுது. ஓடவே இல்ல.” அதைச் சொல்லும்போது அவன் குரலில் பயம் இருந்தது. பாயில் உட்கார்ந்திருக்கும்போதே இதயம் ஓடுகிறது என்பதை அவனே கண்டுபிடித்திருந்தான்.

அவனோடு ஈறு பற்றியும் பேசினோம். பொட்டலம் வைக்கும் இடத்தில் சதை வெளுத்திருந்தது. கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். மேலூரில் பல் மருத்துவரிடம் அவன் அம்மா கூட்டிப் போனார். நிறுத்தினால் சரியாகும், நிறுத்தாவிட்டால் கவனமாகப் பார்க்க வேண்டியது என்று அவர் சொல்லி அனுப்பினார்.

ரெய்டர்

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

எங்கள் டீமின் முக்கிய ரெய்டரைப் பையன்கள் கொண்டாடினார்கள். அவர் நடையைக்கூட நடந்து பார்த்தார்கள். ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, டிரான்ஸ்ஃபார்மர் பின்னால் அவர் கூலிப் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்ததை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பார்த்துவிட்டான். திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது.

அவரை டீமிலிருந்து ஒதுக்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பேசாமல் விட்டால் பையன்கள் மறந்துவிடுவார்கள் என்று சிலர். மூத்தவர் இரண்டையும் ஏற்கவில்லை. அவர் ரெய்டரின் வீட்டுக்குப் போனார், நானும் போனேன். “எத்தனை வருஷமாடா?” என்று மட்டும் கேட்டார். ரெய்டர் கொஞ்ச நேரம் தலை குனிந்திருந்தார். “எட்டாப்புல இருந்துண்ணே” என்றார்.

எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிதான். நான் இங்கே வருவதற்கு முன்.

அடுத்த செவ்வாய் அவர் மந்தைக்கு வந்து, பையன்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாவதில் ஒரு அண்ணன் கொடுத்தது, முதல் நாள் தலை சுற்றி வாந்தி எடுத்தது, ஆட்டத்துக்கு நடுவே அது இல்லாமல் கை நடுங்குவது, கல்யாணத்தன்று மணவறையில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, எல்லாம் சொன்னார். “நான் நல்லா ஆடுறேன்னா அது இதனால இல்லடா. இது இருந்தும் ஆடுறேன். விடணும்னு பாக்குறேன், முடியல. நீங்க கேளுங்கடா என்னை, ஒவ்வொரு தடவை பாக்கும்போதும்.”

நெதர்லாந்துக் கால்பந்து வீரர் யோஹான் கிரைஃப் நினைவுக்கு வந்தார். ஆடிய காலமெல்லாம் புகைத்தவர். 1991-ல் பார்சிலோனாவில் பயிற்சியாளராக இருந்தபோது இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு ஒரு விளம்பரத்தில் சிகரெட் பெட்டியைப் பந்து போலக் காலால் தட்டித் தட்டி, கடைசியில் உதைத்து எறிந்தார். கால்பந்து எனக்கு எல்லாம் கொடுத்தது, புகை அதையெல்லாம் பறிக்கப் பார்த்தது என்று அதில் சொன்னார். 2016-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அமெரிக்க பேஸ்பாலில் டோனி க்வின் மெல்லும் புகையிலையைப் பழக்கமாகக் கொண்டவர். எச்சில் சுரப்பியில் வந்த புற்றுநோயால் 2014-ல் இறந்தார், காரணம் அந்தப் பழக்கம்தான் என்று அவரே நம்பினார். பெரிய லீக்கில் புதிதாகச் சேரும் ஆட்டக்காரர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற ஒப்பந்தம் 2016-ல் வந்தது. பெரிய மைதானங்களில் நடந்தது எங்கள் மந்தையிலும் நடந்துகொண்டிருந்தது.

ரெய்டருக்கு முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம், எரிச்சலும் தலைவலியும் அப்போது உச்சத்தில் இருக்கும், மூன்று நாலு வாரத்தில் அடங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அவர் போன் செய்து ஆலோசனை கேட்டார். இரண்டு முறை விட்டு, இரண்டு முறை திரும்பத் தொட்டார். இரண்டு முறையும் பையன்களிடம் மறைக்காமல் சொன்னார். அவர் மறுபடி தொட்டது தெரிந்தால் பையன்கள் மனம் விட்டுவிடுவார்கள் என்று நான் பயந்தேன். நடந்தது வேறு. ஒன்பதாம் வகுப்புப் பையன் தினமும் காலையில் அவர் வீட்டு வழியாகப் பள்ளிக்கு வர ஆரம்பித்தான். “அண்ணே, இன்னைக்கு?” என்று கேட்பான். அவர் விரலை விரித்து நாளைக் காட்டுவார். பத்து நாளைத் தாண்டியதும் விரல் போதாமல் சுவரில் கரிக்கோடு போட ஆரம்பித்தார்கள். அவனும் தன் கோட்டைப் பக்கத்திலேயே போட்டான்.

பெட்டிக்கடையும் மைக்கும்

கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது என்கிறது 2003 சட்டம். எங்கள் பள்ளிச் சுவரில் பலகை இருக்கிறது, சாலையில் மஞ்சள் கோடும் போட்டிருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பெட்டிக்கடை. அபராதம் 200 ரூபாய் வரை. கடை அக்காவிடம் பேசினேன். “அதுல எனக்கு என்ன பெருசா கெடைக்குது சார்? வாங்க வர்றவன் கூடவே சோடா, மிட்டாய்னு வாங்குவான். இல்லைன்னா அங்கிட்டு அடுத்த கடைக்குப் போயிருவான்” என்றார். கணவர் இல்லாதவர், இரண்டு பெண் பிள்ளைகள். அவரை மிரட்டி ஒன்றும் ஆகாது என்று தோன்றியது.

டீம்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வாழைப்பழம், கடலைமிட்டாய், எலுமிச்சை சோடா எல்லாம் அந்தக் கடையிலேயே வாங்குவது, பொட்டலத்தை எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. செவ்வாயும் வெள்ளியும் இருபது இருபத்தைந்து பேர் வந்து நிற்கிறார்கள். இன்றுவரை அந்தக் கடையில் அது இல்லை. பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைகளில் இருக்கிறது. அங்கே எங்கள் பேச்சு செல்லவில்லை.

தைத் திருவிழாப் போட்டிக்கு ஒரு பாக்கு வியாபாரி ஜெர்சி எடுத்துத் தருவதாக வந்தார். நெஞ்சில் அவர் பாக்குப் பெயர். டீம் வேண்டாம் என்றது. விழாக் கமிட்டியில் அதற்குச் சண்டை வந்தது, காசு யார் தருவது என்று. கடைசியில் ஊர்த் தலைவரான அம்பலமும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன்களும் பகிர்ந்துகொண்டார்கள். அன்று இரவு மைக்கில் வர்ணனை செய்தவர் எங்கள் யாரையும் விட நன்றாக வேலை செய்தார். “கோட்டுக்குப் பக்கத்துல தம் அடிக்கிற அண்ணன்மாரே, அப்படியே கண்மாய்க் கரைக்குப் போயிட்டு வாங்க. இங்க நம்ம ரெய்டர் ஒத்த மூச்சுல பாடிக்கிட்டிருக்காரு” என்று இரண்டு மூன்று முறை சொன்னார். யாரும் கோபப்படவில்லை. எழுந்து போனார்கள்.

யாரை விட்டுவிட்டோம்

முதல் வருடம் பெண் பிள்ளைகளை நான் நினைக்கவே இல்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “எங்களுக்கு டீம் கெடையாதா சார்?” என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. சக்கிமங்கலத்திலிருந்து போய் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய ரேவதி வீரமணி எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கி அர்ஜுனா விருது பெற்ற ஜெர்லின் அனிகா மதுரைப் பெண். இவர்கள் படம் இப்போது விளையாட்டு அறையில் இருக்கிறது. பெண்கள் டீம் வந்த பிறகு வீட்டுக்குள்ளும் பேச்சு போனது. அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலையை எடுத்து ஒளித்துவைத்த பேத்திகளும் உண்டு. அப்பத்தாக்கள் கண்டுபிடித்து வைததும் உண்டு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. டீம் என்றால் தேர்வு இருக்கும். தேர்வில் விழுகிற பையன்தான் பெரும்பாலும் சுவரோரம் நிற்கிறவன். நாங்கள் ஆடத் தெரிந்தவனைச் சுற்றியே எல்லாவற்றையும் கட்டியிருந்தோம். பீடி குடித்த அந்த நெட்டைப் பையன் முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்டான். அடுத்த இரண்டு மாதத்தில் எங்களோடு தொடர்பே அறுந்துவிட்டது. பத்தாம் வகுப்பு முடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். பீடி இப்போது சிகரெட் ஆகியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு அன்று மந்தையில் உட்கார ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும். இந்த மூன்று வருடத்தில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

அதற்கப்புறம் ஆடாதவர்களுக்கும் வேலை வைத்தோம். ஸ்கோர் எழுத ஒருவன், கோடு போட இருவர், ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஒருவன், நோட்டுகளைப் பத்திரமாக வைக்க ஒருவன். அவர்களுக்கும் நாடி எண்ணும் நோட்டு உண்டு.

எங்கே நிற்கிறது

சுவரோரம் இப்போதும் வாரம் ஒருமுறை போகிறேன். பொட்டலங்கள் முழுக்க நின்றுவிடவில்லை. முன்பு எண்ணச் சலித்த இடத்தில் இப்போது தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மந்தைக்கு ஒழுங்காக வருகிறவர்களில் பழக்கம் இருந்த பையன்களில் பாதிக்கு மேல் விட்டிருக்கிறார்கள். மீதிப்பேர் குறைத்திருப்பதாகச் சொல்கிறார்கள்; அந்தச் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, நோட்டைப் பார்க்கிறேன். புதிதாக வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் இன்னும் சரியாக எட்டவில்லை. தொடங்கும் வயதை நினைத்தால் வேலையே அங்கேதான் இருக்கிறது. வரும் வருடத்திலிருந்து பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பையும் வெள்ளிக்கிழமை மந்தைக்கு அழைத்துவர அங்குள்ள தலைமையாசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வேறு ஊரில் யாராவது செய்ய நினைத்தால், பெரிய பெயரைத் தேடிப் போவதற்கு முன் உங்கள் ஊர்த் திடலில் சாயங்காலம் யார் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் ஒரு நாளைக் கேட்காமல் ஒரு வருடத்தைக் கேளுங்கள். அவர்களில் யாருக்குப் பழக்கம் இருக்கிறது என்பதைத் தொடங்கும் முன்பே மனம் விட்டுப் பேசிவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் ஏழாம் வகுப்புப் பையன் கண்டுபிடிக்கும்படி விட்டுவிட்டோம்.

ரெய்டரின் சுவரில் போன வாரம் கோடுகள் இருநூற்றைத் தாண்டின. வெள்ளையடிக்கப் போவதாக அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தவன் இப்போது பதினொன்றாம் வகுப்பு, மேலூருக்குப் பஸ்ஸில் போகிறான். கோடு போட்ட அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வெள்ளையடிக்கச் சொல்லி ரெய்டரின் அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறான்.